இறந்தவன் வண்டியின் நாலு ஷாக்

பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவளுக்கும் அவள் நாத்தனாருக்கும் வண்டியின் ஷாக் அப்சார்பர் விஷயத்தில் இரண்டு வாரமாகச் சண்டை. நாத்தனார் லேத்துப் பட்டறைக்காரி. இருபது வருடம் இரும்பைக் கடைந்ததில் நாக்கும் அதே கூர்மைக்கு வந்துவிட்டிருந்தது. வெல்டரின் கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருடத்தில் எட்டு மாதம் கடலில். "என் தம்பி தண்ணியில மிதக்கட்டும், நாம பாறையில ஏறுவோம்டி" என்று முதலில் ஆரம்பித்ததே நாத்தனார்தான்.

அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது பாறை ஏறும் வண்டி. ரோடு என்ற பேச்சே இல்லாத இடத்தில், ஆள் உயரப் பாறை மேல் நத்தை மாதிரி ஊர்ந்து ஏற வேண்டும். ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும், எதிர்ச் சக்கரம் நெஞ்சு உயரத்தில் நிற்கும். அப்படியும் நாலும் பாறையை விடாமல் பிடித்திருக்க வேண்டும். பழைய பிக்கப்பின் இன்ஜின், கழித்துப்போட்ட ராணுவ லாரியின் ஆக்சில், ஃபோர்க்லிஃப்டில் இருந்து எடுத்த ஸ்டியரிங் பம்ப் என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தாயிற்று. கனத்த பைப்பை வளைத்து, உள்ளே உட்காருகிறவள் தலை தப்பும்படி கூண்டும் கட்டியாயிற்று. ஷாக் மட்டும்தான் பாக்கி.

நாத்தனாருக்குக் காற்று ஷாக் போதும். ஸ்பிரிங்கே கிடையாது, உள்ளே அடைத்த வாயுவே வண்டியைத் தாங்கும், எடையும் குறைவு. வெல்டர் ஒப்பவில்லை.

"சூடானா வண்டி தன்னால எழும்பி நிக்கும் அண்ணி. சரிவுல ஒரு பக்கம் சாஞ்சா, சாஞ்ச பக்கமே இன்னும் அமுங்கும். ஸ்பிரிங் சுத்தின ஷாக்குதான் வேணும். காத்த நம்பி பாறையில ஏற முடியாது."

"என் தம்பிய நம்பி கழுத்த நீட்டினவதானே நீ? காத்த நம்ப மாட்டியாக்கும்!"

அந்த நேரத்தில்தான் பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு தகவல் சொன்னார். நாலு மாதத்துக்கு முன் பாறையில் இருந்து உருண்டு ஒருவன் செத்தானே, அவன் மனைவி வண்டியைப் பிரித்து எடுத்துப் போகச் சொல்கிறாளாம்.

போனார்கள். கொல்லைப்புறத்தில் அந்த வண்டி, யாரோ கையில் வைத்துக் கசக்கிய டின் மாதிரிக் கிடந்தது. கூண்டின் மேல் பைப் சீட்டு வரைக்கும் இறங்கியிருந்தது. சீட்டில் படிந்திருந்த கறை துருவா ரத்தமா என்று வெல்டர் பார்க்க விரும்பவில்லை. இறந்தவன் மனைவி வாசற்படியில் நின்றபடியே, "வேணுங்கறத எடுத்துக்கங்க. எனக்கு அது கண்ணுல படக் கூடாது" என்றாள்.

நாலு ஷாக்கும் வெல்டர் மனதில் வைத்திருந்தது மாதிரியே ஸ்பிரிங் சுற்றியவையாக இருந்தன. நீண்டு சுருங்கப் பதினாலு அங்குல ஓட்டம். தண்டில் ஒரு கீறல் இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை. பின்னால் இடப்பக்கத்து ஷாக் மட்டும் கூண்டை விட்டுப் பிய்ந்து தொங்கியது. அதன் மேல்முனையில், கூண்டோடு ஒட்டியிருக்க வேண்டிய பிராக்கெட், இரண்டு இரும்புக் காதுகளோடும் போல்ட்டோடும் அப்படியே வந்திருந்தது. போல்ட் இறுகிக் கிடந்ததால், ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பிராக்கெட்டோடு சேர்த்தே தூக்கி வந்தாள்.

மூன்றாம் நாள் மதியம் ஷெட்டின் தகரக் கதவை யாரோ உதைத்தார்கள்.

வெல்டர் வண்டிக்கு அடியில் படுத்து, முன்பக்கத்து ஷாக் ஒன்றைத் தூக்கிப் பிடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது உதையில் கொண்டி தெறித்துப் போய் சுவரில் அடித்தது. வந்து நின்ற கால்களின் அகலத்தைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்தது. இறந்தவனின் தம்பி. ரோடு ரோலர் ஓட்டுகிறவன். பாறைப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் அவனை ரோலர் என்றே கூப்பிடுவார்கள். கையில் சம்மட்டி.

"எங்கண்ணன் செத்த ஈரம் காயல. அதுக்குள்ள பிரிச்சு மாட்டிட்டீங்களா?"

நாத்தனார் ஸ்டூலில் இருந்து எழுந்தாள். "உங்க அண்ணிதான் எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க. சந்தேகம்னா போய்க் கேளு. கதவ உடைச்சதுக்கு அப்புறம் பேசிக்கலாம்."

அவன் கேட்கவில்லை. முதல் அடி ரேடியேட்டரில் விழுந்தது. தண்ணீர் வெல்டரின் முகத்தில் பீச்சியது. இரண்டாவது அடியில் ஸ்டியரிங் வளையம் எட்டாக மடங்கியது. மூன்றாவதற்கு அவன் கை ஓங்கியபோது நாத்தனார் வீசிய ஸ்பேனர் அவன் காதைக் கிழித்துக்கொண்டு போனது. சம்மட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினான். ஒரே எட்டில் அவள் கழுத்தைப் பிடித்தான். அப்படியே தள்ளிக்கொண்டு போய் மேசை மேல் சாய்த்தான். மேசையில் பொருத்தியிருந்த வைஸின் இரும்புத் தாடையில் அவள் தலை மோதிய சத்தம், தேங்காய் உடைகிற சத்தம் மாதிரி இருந்தது. புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது.

வெல்டர் ஊர்ந்து வெளியே வந்து அவன் முதுகில் பாய்ந்தாள். பிடிக்க வேறு ஒன்றும் கிடைக்காமல் தோளைக் கடித்தாள். பல் சதைக்குள் இறங்கியது. அவன் அலறி உதறியதில் ஆக்சில் மேல் போய் விழுந்தாள். விலாவில் ஏதோ முறிந்தது தெரிந்தது. மூச்சை இழுத்தால் கத்தி இறங்குகிறது. விட்டால் இன்னும் மோசம்.

அவன் சம்மட்டியை மறுபடி எடுத்துக்கொண்டு மேசையை நோக்கிப் போனான். மூன்று ஷாக்குகள் அங்கே வரிசையாகக் கிடந்தன. முதலாவதை ஓங்கி அடித்தான். உருளை நெளிந்து, உள்ளே எண்ணெயோடு அடைத்திருந்த வாயு பாம்பு மாதிரி சீறி, எண்ணெய் கூரை வரை தெறித்தது. இரண்டாவதைத் தூக்கிப் பார்த்தான், எறிந்தான். மூன்றாவதைத் தூக்கியவன் அப்படியே நின்றான்.

அது பிராக்கெட் ஒட்டியிருந்த ஷாக். சம்மட்டியைக் கீழே வைத்தான். நட்டை வெறும் விரலால் திருக ஆரம்பித்தான். இறுகிய நட்டு எங்கே திரும்பும்? விரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது, அப்போதும் திருகினான். உடைக்க வந்தவன் இதை ஏன் கழற்றுகிறான் என்று வெல்டருக்கு அந்த வலியிலும் ஒரு கேள்வி எழுந்தது. ஆனால் கை அதற்குள் வண்டி இழுக்கும் சங்கிலியைப் பிடித்துவிட்டிருந்தது. உட்கார்ந்தபடியே சுழற்றி வீசினாள். கொக்கி அவன் முழங்காலில் போய் இறங்கியது. அடிமரம் சாய்கிற மாதிரி விழுந்தான்.

அவள் சம்மட்டியை எடுத்துக்கொண்டு அவன் தலைமாட்டில் நின்றாள். ஓங்கினாள். அந்த நொடியில் அவளுக்குப் பயமும் இல்லை, பாவமும் இல்லை. இந்த மண்டை எப்படி உடையும் என்பதைப் பார்க்க ஆசையாக இருந்தது. பின்னாளில் அவளைத் தூக்கத்தில் இருந்து எழுப்பியது அடி வாங்கிய நினைவு அல்ல, அந்த ஆசைதான்.

"வேணாம்டி" என்றாள் நாத்தனார், தரையில் இருந்து, ஒற்றைக் கண்ணைத் திறந்து. "அவன் போயிடுவான். நீ உள்ள போயிடுவ. என் தம்பிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

சம்மட்டி இறங்கியது. அவன் காதுக்கு ஒரு சாண் தள்ளி, சிமென்ட் தரை பெயர்ந்தது.

"அந்த பிராக்கெட் எதுக்குடா உனக்கு?"

அவன் ஷாக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தான்.

"கேக்கறேன்ல? சொல்லு!"

"நான்தான் வெல்டிங் வெச்சேன்" என்றான்.

அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான். அண்ணன் வண்டிக்கு வெல்டிங் முழுக்க வேறு ஆள். கடைசியில் அந்த ஒரு பிராக்கெட்டை இடம் மாற்ற வேண்டி வந்தது. மறுநாள் காலையில் பாறைக்குப் போக வேண்டும். இவன் தானே வைக்கிறேன் என்று கேட்டு வாங்கி வைத்தான். "நீங்க வெல்டராச்சே. பாத்ததும் கண்டுபிடிச்சிடுவீங்கன்னு தெரியும். எங்க அண்ணிகிட்ட சொல்லிடுவீங்கன்னு…" ஷாக்கை அவள் பக்கம் நீட்டி, "நீங்களே சொல்லுங்க. அண்ணன் போனது என்னாலயா?" என்றான்.

விலாவைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்து, பிராக்கெட்டோடு அந்த ஷாக்கை வாங்கினாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மேலே பார்க்க அழகான தையல் மாதிரி வெல்டிங். அடியில் திருப்பினால் இரும்பு இரும்போடு கலக்கவே இல்லை. பழைய பெயிண்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே வைத்திருந்தான். பிய்ந்த இடத்தில் இன்னும் நீலம் தெரிந்தது. நாத்தனார் அவளைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினாள். ஒரு பொய் சொல்லிவிடு என்று அர்த்தம். வெல்டருக்கும் சொல்லத் தெரியும். ஆனால் கழுத்தில் விரல் பதிந்து கிடக்கிற நாத்தனாரைப் பார்த்தபோது அவனுக்காக ஒரு பொய்யைச் செலவழிக்க மனம் வரவில்லை.

"ஒட்டல" என்றாள். "பெயிண்ட் மேல வெச்சிருக்க. மொத தடவ முழுசா தொங்கினப்பவே பிச்சுக்கிட்டிருக்கும்."

அவன் தலையை ஆட்டினான், ஏதோ வழி கேட்டுத் தெரிந்துகொண்டவன் மாதிரி. உருண்டு, தவழ்ந்து, மேசையோரம் கிடந்த பட்டறைக்கல்லை அடைந்தான். வலது கையை அதன் மேல் விரித்து வைத்தான். கைக்கு எட்டிய கைச்சுத்தியை இடது கையில் எடுத்து ஓங்கியபோதுதான் அவளுக்கு விளங்கியது. பாய்ந்து தள்ளினாள். கை தப்பியது. இரண்டு விரல்கள் தப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் மூவரும் பாறையில் விழுந்ததாகவே சொன்னார்கள். நர்ஸ், வெல்டரின் விலாவையும் நாத்தனாரின் கழுத்தையும் அவன் தோளில் இருந்த பல்தடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாறைக்குப் பல்லு இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு எழுதிக்கொண்டாள்.

இறந்தவனின் மனைவி சாயங்காலம் வந்தாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ரோலரே சொன்னான். அவள் முழுதும் கேட்டாள். கையில் இருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலால் அவன் முகத்தில் அடித்தாள். மறுபடி அடித்தாள். அவன் கட்டுப்போட்ட கையைக்கூடத் தூக்கித் தடுக்கவில்லை. நர்ஸ் இடுப்பைப் பிடித்து இழுக்கும் வரை அடித்துக்கொண்டே இருந்தாள். "நாலு மாசமா என் வீட்டு வாசல்ல வந்து உக்காந்து அழுதியே! நானும் உனக்குச் சோறு போட்டேனே!"

வெளியே பெஞ்சில் வெல்டரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஷாக்கு ஒரு அளவுக்கு மேல தொங்காம ஒரு பட்டை கட்டுவாங்களே" என்றாள். "எதுக்கு அது?"

"தொங்கற வேகத்துல வர்ற இழுப்ப அது வாங்கிக்கும். பிராக்கெட்டுக்கு விடாது."

"அத என் வீட்டுக்காரர்தான் முந்தின நாள் கழட்டிப் போட்டார். இன்னும் ரெண்டு அங்குலம் கூடத் தொங்கும்னார். நான்தான் டார்ச் புடிச்சேன். இத அவன்கிட்ட சொல்ல மாட்டேன். இப்ப சொல்ல மாட்டேன்."

எழுந்து போய்விட்டாள்.

விலா எலும்பு கூடிவர ஏழு வாரம் ஆயிற்று. நாத்தனாருக்குப் புருவத்தில் ஆறு தையல். ஒரு மாதம் குரல் கரகரத்தது, ஆனாலும் பேச்சு குறையவில்லை. "அந்தப் பீடை பிடிச்ச ஷாக்க தூக்கி எறிடி" என்று தினமும் சொன்னாள். வெல்டர் எறியவில்லை. அந்த ஷாக்குகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நெளிந்துபோன ஒன்றுக்கு மட்டும் ஜோடி தேடி, அதே ஓட்டத்தில், அதே தண்டுக் கனத்தில் ஒன்று பிடிக்க இன்னும் ஒரு மாதம் அலைந்தாள். ஷாக்குகளின் மேல்முனைக்கும் கீழ்முனைக்குமாக எட்டு பிராக்கெட்டுக்கும் இரும்பைப் பளிச்சென்று சுரண்டி அவளே வெல்டிங் வைத்தாள். நாலு பக்கமும் பட்டை கட்டினாள்.

மறுநாள் பாறைக்குக் கிளம்ப வேண்டும் என்றிருந்த காலையில், புதுக் கதவுக்கு வெளியே ரோலர் நொண்டிக்கொண்டு வந்து நின்றான். நாத்தனார் கையில் கிடைத்த பைப்பை எடுத்துக்கொண்டாள்.

"எதுக்கு வந்த?"

"வெல்டிங்கப் பாத்துட்டுப் போயிடறேன். தொட மாட்டேன்."

"எங்க கழுத்தத் தொடாம இருந்தா சரி."

வெல்டர் அவனை உள்ளே விட்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மன்னிக்கவில்லை, அவன் பக்கத்தில் வந்தபோது விலாவில் பழைய இடம் சுருக்கென்றது. அவன் மண்டியிட்டு, ஒவ்வொரு பிராக்கெட்டாகக் குனிந்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான். ஒவ்வொன்றுக்கும் வெகுநேரம் எடுத்தான். ஏழு முடிந்தது. எட்டாவதில், பின்பக்கம் வலது மேல்முனையில், டார்ச் நகராமல் நின்றது.

"இதுல உள்முனையில வெல்டிங் கொஞ்சம் கம்மி" என்றான், தரையைப் பார்த்தபடி.

வெல்டருக்குச் சுர்ரென்று ஏறியது. பதினைந்து வருடமாக பஸ் கட்டுகிறவளிடம், பெயிண்ட் மேல் வெல்டிங் வைத்தவன் சொல்கிறான். அவனைத் தள்ளிவிட்டு, கன்னம் பைப்பில் உரசும்படி சாய்ந்து பார்த்தாள். விலா வலித்த நாட்களில் கை எட்டாமல் வைத்த முனை அது.

கம்மிதான்.

கிரைண்டரை எடுத்து அந்தப் பிராக்கெட்டை அறுத்து எடுத்தாள். பொறி பறந்தது. அவன் நகர்ந்து சுவரோரம் போய் நின்றான். அவள் முகமூடியை இறக்கி மறுபடி முதலில் இருந்து வைக்க ஆரம்பித்தாள். அவன் வெளிச்சத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்; போகவும் இல்லை.

வெல்டிங் ஆறுகிற வரைக்கும் நாத்தனார் பைப்பைக் கீழே வைக்கவில்லை.