பாட்டுக்கு வாலாட்டிய சிறுத்தை

எங்கள் நாலாம் நம்பர் மலைக்கு ஒலிபெருக்கி வந்தது ஒரு சிறுத்தையால். லிந்துலைப் பக்கம் சிறுத்தைக்குக் குறைவில்லை. ஆனால் இது, தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பூரணியின் முதுகுக்கூடையைப் பிறாண்டிவிட்டுப் போனது. உள்ளேயிருந்த கொழுந்தை மோந்து பார்த்து, முற்றல் இலை என்று முகத்தைச் சுளித்ததாக நான் சொன்னேன். அப்போது நான் அங்கே இல்லை. பூரணி எடுக்கும் கொழுந்தை எனக்குத் தெரியும்.

சத்தம் கேட்டால் சிறுத்தை அண்டாது என்று பெண்கள் கேட்டுக்கொள்ள, கங்காணி வினோஜன் கோயில் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து மலை நடுவே நின்ற சவுக்கு மரத்தில் கட்டினான். கீழே கார் பெட்டரி. காலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் வரை சினிமாப் பாட்டு.

பெண்களுக்குத் தேத்தண்ணி வாளி சுமப்பது என் வேலை. அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். கொண்டைக்குருவிகள் முதல் வாரம் பாட்டுக்கு மேலே கத்திப் பார்த்தன; தொண்டை கட்டிக்கொண்டது. பிறகு சட்டி பானையோடு இறம்பொடைக்குக் குடிபோய்விட்டன. அங்கே நீர்வீழ்ச்சியின் இரைச்சல் பரவாயில்லையாம்.

சிறுத்தை மட்டும் போகவில்லை. மேல்பாறையில் படுத்து, தாளம் தப்பாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. பழைய பாட்டென்றால் கண்ணை மூடிக்கொள்ளும்.

குருவிகள் போனதுதான் எனக்கு உறுத்தியது. குளவிக்கூடு கலைந்தால் முதலில் அதுகளுக்குத்தான் தெரியும். ஒரு தினுசாகக் கீச்சிடும். உடனே பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்கள்.

என் மகள் ஜீவராணி கொழுந்து எடுக்கும் நிரை, குழாய்க்கு நேர் கீழே. ஒரு சாயங்காலம் லயத்து வீட்டில் சொன்னாள்:

“அப்பா, வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள்ள ஙொய்ங்குது.”

“சில்வண்டு குடி வந்திருக்கும். வாடகை கேளு.”

“என்னங்கப்பா?”

“வாடகை கேளுன்னேன்.”

“சத்தமாச் சொல்லுங்களேன். எப்பப் பாரு முணுமுணுக்கிறீங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவிலிருந்து பூரணி குரல் கொடுத்தாள்: “வாடகை கேக்கச் சொல்றாருடி.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் பாட்டுத் தொடங்குமுன் மலையில் வினோஜனிடம் போனேன்.

“தம்பி, எம் மகளுக்குக் காது ஙொய்ங்குது, வேற நிரை குடு. இல்லாட்டி அந்தக் குழாயக் கழட்டு.”

“சிறுத்தை அடிச்சா நீங்களா பொறுப்பு, லியனார்ட் தாத்தா?”

“அது இப்பப் பாட்டு கேக்கத்தான் வருது. வாலை ஆட்டுது. நானே பாத்தேன்.”

பெண்கள் சிரித்தார்கள். “காது ஙொய்ங்குதுங்கறதும் அந்த வால் மாதிரித்தானா மாமா?” என்றாள் பூரணி. நிரை மாறவில்லை.

அந்த வாரமே ஒரு பருந்து பாறையிடுக்கில் இருந்த கூட்டைக் கொத்தியது. கறுப்புப் புகை மாதிரி குளவி எழும்பியது. கத்தினேன். பாட்டுக்குள் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாளியை வைத்துவிட்டு இரண்டு கையையும் வீசினேன். நான் ஆடுகிறேன் என்று நினைத்துப் பூரணியும் கொழுந்துக் கையோடு இரண்டு ஆட்டம் ஆடிக் காட்டினாள்.

ஓடிப்போய் பெட்டரி வயரைப் பிடுங்கினேன். பாட்டு நின்றது. என்னை ஏசுவதற்காக எல்லாத் தலைகளும் திரும்பின. ஏசுவதற்கு முன்னால் குளவியின் இரைச்சல் அவர்களுக்குக் கேட்டுவிட்டது. படங்குகள் அவிழ்ந்தன. மலை முழுக்கப் படுத்துக்கொண்டது.

ஒருத்தி மட்டும் நின்றாள். மரத்துக்குக் கீழே சரிவில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜீவராணி இன்னும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அந்தச் சத்தத்துக்கு லிந்துலைக் கடைவீதியில் ஆட்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவள் திரும்பவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் குளவி சேர்ந்துவிட்டது. அவளைத் தள்ளி, மேலே விழுந்து மூடிக்கொண்டேன்.

என்னைக் கொட்டிய குளவிகள் என் இரத்தத்தின் கசப்புத் தாங்காமல் செத்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னேன். நர்ஸ் சிரிக்கவில்லை. ஜீவராணியின் முகம் பானையாக வீங்கியிருந்தது. வீக்கம் வடிந்துவிடும், காதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டொக்டர். வினோஜன் வாசலோடு நின்றான். “கழட்டிட்டேன் தாத்தா” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு கண் கீற்றாகத் திறந்தது. பாட்டு நின்றதும் சிறுத்தை வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஏங்கிப்போய் உட்கார்ந்திருப்பதைச் சொல்லலாம் என்று குனிந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“நீங்க அங்கதானே நின்னீங்க. ஏம்ப்பா என்னைக் கூப்பிடல?”

“கூப்பிட்டேன்மா.”

“என்னங்கப்பா?”

இன்னும் கிட்டே குனிந்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன். வார்டில் எல்லோரும் திரும்பினார்கள். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளவி கொட்டிய கையில் கட்டோடு அடுத்த கட்டிலில் கிடந்த பூரணி, இந்தத் தடவை எடுத்துச் சொல்லவில்லை.