ஷோல்பான் வளர்த்த சிறுத்தைப் பல்லி

கரகந்தா நகரில், அண்ணன் விட்டுப்போன ஒற்றை அறை வீட்டை ஷோல்பான் வாடகைக்கு விட்டிருந்தாள். அதில் குடியிருந்த எல்தோஸ் என்ற இளைஞனை அந்த அக்டோபரில் திடீரென்று காணோம். சாவி மட்டும் எதிர்வீட்டு ஃப்ரீதாவிடம் இருந்தது. அவன் போன் எடுக்கவில்லை. வீடு எந்த லட்சணத்தில் இருக்கிறதோ என்று ஷோல்பான் போய்த் திறந்தாள். ஃப்ரீதாவும் கூடவே நுழைந்தாள்.

துணிமணி ஒன்றும் இல்லை. ஜன்னல் திட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே மணல், காய்ந்த தண்ணீர்க் கிண்ணம், ஒரு பல்லி. மஞ்சள் உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களில் இன்னும் சூடு விடவில்லை. அறை சில்லிட்டுக் கிடந்தது.

"செத்துப்போச்சுடி. குப்பையில கொட்டிட்டு வா" என்றாள் ஃப்ரீதா.

ஷோல்பான் தொட்டியைத் தூக்கினாள். பல்லி மெல்ல இமையை மூடித் திறந்தது. பல்லிக்கு இமை உண்டென்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

"கண்ணு சிமிட்டுதே. இதை எப்படிக் கொட்டறது?"

"எடுத்துட்டுப் போய்க் கொஞ்சு. கடிச்சா என்கிட்ட ஓடி வராத."

துண்டில் சுற்றி, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். எல்தோஸ் திரும்பி வந்தால் முகத்துக்கு நேரே இதைக் காட்டி நாலு வார்த்தை கேட்க வேண்டும், அதுவரை உயிரோடு இருந்தால் போதும் என்பதுதான் அவள் கணக்கு.

மருத்துவர் தஸ்தான் நாய் பூனை பார்க்கிறவர். பல்லியைப் புரட்டிப் பார்த்தார். "வயித்துல மணல் கட்டியிருக்கு. வாலைப் பாருங்க, குச்சி மாதிரி. நல்லா இருந்தா விரல் தண்டி இருக்கணும், கொழுப்பெல்லாம் அங்கதான் சேரும். பழைய தோல் உரியாம விரலை இறுக்குது. வெதுவெதுப்பான தண்ணியில நிக்க வச்சு, பஞ்சால மெதுவா எடுங்க. இழுத்துடாதீங்க."

"தீனி?"

"உயிரோட புழு. சுண்ணாம்புச் சத்துப் பொடியில புரட்டிக் கொடுங்க. புழுவை நீங்களே வளர்க்கலாம், தவிடு இருந்தா போதும்."

ஷோல்பான் அவரை முறைத்தாள். "நான் ரொட்டி ஆலையில வேலை பாக்கறவ. மாவுல புழு விழாம பாத்துக்கத்தான் எனக்குச் சம்பளம்."

"அப்போ தவிட்டுக்குப் பஞ்சமில்லை" என்றார் அவர்.

புழு டப்பா குளியலறை அலமாரியில் ஏறியது. வேலைக்குப் போகுமுன் கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். தொட்டியிலிருந்த மணலை வெளியே கொட்டிவிட்டுக் காகிதம் விரித்தாள், ஒரு பக்கம் அடியில் மின்சாரச் சூட்டு மெத்தை வைத்தாள். தினமும் தண்ணீரில் நிற்க வைத்தபோது அது அசையாமல் நின்றது. முன்காலில் ஒரு விரலின் நுனி கறுத்து உதிர்ந்தது. அதைக் காகிதத்தோடு சுருட்டிப் போட்டாள்.

புழுவை இடுக்கியில் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு இளகி மணல் வெளியேறிய பிறகும் அப்படித்தான். ஒருநாள் அந்தி நேரம், தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. பல்லி வால் நுனியைப் படபடவென்று ஆட்டி, குறி பார்த்து, தவறிக் கீழே விழுந்திருந்த புழுவைக் கவ்வி விழுங்கியது. தேநீர் ஆறிப்போகும் வரை ஷோல்பான் நின்று பார்த்தாள். பிறகு ஃப்ரீதாவுக்குப் போன் போட்டாள்.

"தின்னுடுச்சு."

"இதுக்கா கூப்பிட்ட? நான் யாரோ செத்துட்டாங்களோன்னு பயந்துட்டேன்."

பனி உருகும் சமயத்தில் எல்தோஸ் ஷோல்பானின் வீட்டுக்கு வந்தான். அக்தாவ் துறைமுகத்தில் அவசரமாக வேலை கிடைத்ததாம். பல்லிக்குத் தீனி போடச் சொல்லி நண்பனிடம் சொல்லியிருந்தானாம். அந்த நண்பன் எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். ஷோல்பான் சேர்த்து வைத்திருந்த நாலு வார்த்தையும் கேட்டாள். அவன் தலைகுனிந்து நின்றான். பிறகு தொட்டியருகே குனிந்தான்.

"சுல்தான்! நல்லா குண்டாயிட்டியே!"

"அது பொண்ணு. டாக்டர் சொன்னார்."

அவன் அசடு வழிந்தான். அவள் இடுக்கியை நீட்டினாள். "தீனி குடு, பாக்கலாம்." அவன் புழுவோடு அதை வாங்கித் தொட்டிக்குள் நீட்டினான், பல்லி அவன் கையைத் தாண்டி அவள் பக்கமே பார்த்தது. தீனி அங்கிருந்துதான் வரும் என்ற பழக்கம், வேறொன்றுமில்லை.

"இப்போ எங்க தங்கியிருக்க?"

"விடுதியில. அறைக்கு ஆறு பேர்."

"அங்கயா இதைக் கொண்டு போவ?"

"கொண்டுபோக வேணாம்னா இங்கயே இருக்கட்டும் அக்கா" என்றான் சட்டென்று. முகத்தில் அப்படியொரு நிம்மதி. மறுத்துச் சண்டை பிடிப்பான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். பல்லியைத் தர மாட்டேன் என்று வாதாடத் தயாராக இருந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. தேநீரும் ரொட்டியும் கொடுத்து அனுப்பினாள்.

தொடக்கத்தில் அவன் அவ்வப்போது படம் கேட்டுச் செய்தி அனுப்பினான், பிறகு நின்றுபோயிற்று. பல்லி இன்னும் அவள் சமையலறையில்தான் இருக்கிறது. அது இருபது வருஷம்கூட உயிரோடு இருக்கும் என்று தஸ்தான் சொன்னபோது, அப்போது தனக்கு எழுபதைத் தாண்டியிருக்கும் என்று ஷோல்பான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். பொடி டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.