மூன்றாம் மாடிக்கு வரும் குழந்தைகள்

பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பேற்ற முதல் வாரமே தலைமைச் செவிலிக்கு ஒன்று உறுத்தியது. கீழே பிரசவ அறையில் பிறந்து, மூச்சுத் திணறலோடு மூன்றாம் மாடிக்குத் தூக்கி வரப்படும் குழந்தைகள் சில்லிட்டுப்போய் வந்தன. வார்மர் என்னும் சூடூட்டும் படுக்கையில் கிடத்தி உடம்புச் சூட்டைத் தேற்றவே ஒரு மணி நேரம் போனது. அதற்குள் சிலவற்றுக்கு மூச்சு இன்னும் மோசமானது.

“குறைமாசக் குழந்தைங்கன்னா அப்படித்தான் சிஸ்டர்,” என்றார் டாக்டர்.

அவள் விடவில்லை. வாசலிலேயே ஒவ்வொரு குழந்தைக்கும் சூடு பார்த்து நோட்டில் எழுதினாள். இருபதில் பதினான்கு சில்லிட்டிருந்தன. ஒரு நாள் காலை அவளே கீழே போய் ஒரு குழந்தையைத் தூக்கி வந்தாள். புறப்படும்போது கதகதப்பாக இருந்தது. லிஃப்டுக்காக ஒன்பது நிமிடம் நின்று மேலே வந்து சேர்ந்தபோது அதன் பாதம் பச்சைத் தண்ணீராய் இருந்தது.

லிஃப்ட் ஓட்டுபவரை எல்லோரும் ‘மந்திரி’ என்பார்கள். அவர் மனசு வைத்தால்தான் யாரும் மேலே போக முடியும்.

“அண்ணே, குழந்தை வந்தா கொஞ்சம் சீக்கிரம் வரக் கூடாதா?”

“கீழ குழந்தை நிக்குதுன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? பட்டனை அமுக்கினா, வர்றப்ப வரும்.”

மல்லுக்கட்டிப் பயனில்லை. அடுத்த குழந்தை வந்தபோது அவரையும் உள்ளே அழைத்து, முழங்கை வரை சோப்புப் போடச் சொன்னாள். பெண் பார்க்கப் போகிறவர் போல அவர் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். குழந்தையின் பாதத்தைத் தொட்டவர் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டார்.

“என்னம்மா இது, ஐஸ் மாதிரி!”

“உங்க லிஃப்டுக்காகப் பதினோரு நிமிஷம் நின்ன புள்ள.”

மறுநாள் பிரசவ அறையில் அமுக்கினால் லிஃப்டுக்குள் அடிக்கும் அழைப்பு மணி ஒன்று வந்துவிட்டது. எலக்ட்ரீசியனைக் கெஞ்சிக் கூத்தாடி மந்திரியே போட வைத்திருந்தார். மூன்று முறை அடித்தால் குழந்தை என்று கணக்கு.

நான்காம் நாள் மணி அடித்தபோது லிஃப்டுக்குள் இருந்தவர் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்.

“சார், கொஞ்சம் எறங்கிக்குங்க. பாப்பா வருது.”

“நான் யாருன்னு தெரியுமில்ல?”

“தெரியும் சார். உங்களுக்கு நடக்கத் தெரியும், அதுக்குத் தெரியாதே!”

படியேறி வந்த கண்காணிப்பாளர் நேராகச் செவிலியிடம் பாய்ந்தார். “யாரைக் கேட்டு இதெல்லாம் பண்றீங்க?”

“யாரையும் கேக்கல சார்,” என்று அவள் நோட்டை நீட்டினாள். “இதைப் பாத்துட்டுத் திட்டுங்க.”

மூச்சு வாங்கிக்கொண்டே இரண்டு பக்கம் படித்தார். பிறகு பேனா கேட்டார். மணி அடித்தால் லிஃப்ட் குழந்தைக்கு மட்டும்தான் என்று அங்கேயே உத்தரவு எழுதிக் கையெழுத்திட்டார்.

இரண்டு மாதத்தில் சில்லிட்டு வருபவை இருபதுக்கு நான்காகக் குறைந்தன.

“சாதிச்சிட்டீங்க சிஸ்டர்,” என்றார் டாக்டர்.

“இன்னும் நாலு இருக்கே டாக்டர்.”

அந்த நான்கு குழந்தைகளையும் பிறந்ததும் துடைத்த ஈரத் துண்டிலேயே சுற்றி அனுப்பியிருந்தார்கள். அலமாரியைத் திறந்து உலர்ந்த துண்டுகளை மார்போடு அடுக்கிக்கொண்டு, பிரசவ அறையை நோக்கி அவள் படியிறங்கினாள்.