பனிமலைக்குப் போன ஷூ

ஜனவரி 6, செவ்வாய். ஆம்புலன்ஸ் டிரைவருக்கு லொகேஷன் தப்பாக அனுப்பிவிட்டேன். வேங்கிக்கால் வீட்டுக்குப் பதிலாக, செங்கம் ரோட்டில் என் மாலை வகுப்பு நடக்கும் இடத்தின் லொகேஷன் போய்விட்டது. அண்ணன் அரைமணி நேரம் தாமதமாக வந்தான்.

கீதாஞ்சலி 'வந்தான்' என்பதை அடித்துவிட்டு 'கொண்டுவரப்பட்டான்' என்று எழுதினாள். அது இன்னும் மோசமாக இருந்தது. மறுபடியும் 'வந்தான்' என்றே எழுதி, அன்றன்றைய தப்புகளைக் குறித்துவைக்கும் அந்த நோட்டை மூடினாள்.

சுடுகாட்டுக்குப் போனவர்களில் வேணுதான் முதலில் திரும்பினான். அண்ணன் அறிவுச்செல்வனோடு உத்தராகண்டுக்குப் பனிமலை ஏறப் போய், அவன் உடலோடு திரும்பி வந்தவன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு பையை நீட்டினான். உள்ளே அண்ணனுடைய ஷூ.

காலையிலிருந்து அப்பா தருமன் வந்தவர்களிடமெல்லாம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல ஷூ போட்டுக்கொண்டுதானே போனான், அடியில் இரும்புப் பல் வேறு மாட்டினானாமே, அப்புறம் எப்படி வழுக்கும்?

அவள் பையைப் பிரித்தாள். இரண்டு ஷூவிலும் லேஸ் அவிழ்ந்து கிடந்தது. இரும்புப் பல் பட்டைகள் தனியாக இருந்தன. கோயில் வாசலில் செய்வதுபோல சாக்ஸைச் சுருட்டி இடது ஷூவுக்குள் செருகியிருந்தான்.

"அவனேதான் கழட்டினானாண்ணா?"

வேணு தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். உச்சியில் கல் அடுக்கி ஒரு சூலம் நட்டிருந்தார்களாம். சுற்றிலும் கண்ணாடி மாதிரி இறுகிய பனி. ஷூவைக் கழட்டாதே என்று வழிகாட்டி கத்தியும் அறிவு கேட்கவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலில் மலை சுற்றுகிறவனுக்கு இதெல்லாம் கம்மி என்று சிரித்திருக்கிறான். சூலத்தைப் பாதிச் சுற்றுகூட முடிக்கவில்லை, வழுக்கிவிட்டது.

"மொத நாள் ராத்திரி அப்பாகிட்ட பேசினான். ஸ்பீக்கர்ல போட்டிருந்தான், நானும் கேட்டுக்கினு இருந்தேன். சாமி இருக்கிற எடத்துல செருப்போட நிக்காதடான்னு அவருதான் சொன்னாரு."

உள்ளே அம்மா பக்கத்தில் யாரோ மெல்ல மூக்கைச் சிந்தினார்கள்.

"அப்பாவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"எப்படிம்மா சொல்லுவேன்."

"சொல்லாதீங்கண்ணா. எப்பவுமே."

தெருமுனையில் ஆண்கள் வரும் சத்தம் கேட்டது. அவள் சாக்ஸை எடுத்துத் தன் துப்பட்டாவுக்குள் மறைத்தாள். பட்டைகளை இழுத்து அடியில் மாட்டினாள். லேஸைக் கட்டினாள். முதல் முடிச்சு அவள் கட்டுகிற மாதிரி இருந்தது. அவிழ்த்துவிட்டு அண்ணன் போடுவதுபோல இரட்டை முடிச்சாக இறுக்கினாள்.

அப்பா ஈர வேட்டியோடு வந்து, வாசலில் வைத்திருந்த தண்ணீரில் காலைக் கழுவினார். படியில் இருந்த ஷூவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இது கால்லயே இருந்துச்சா?"

"ஆமாம்பா. ஆஸ்பத்திரியிலதான் கழட்டிக் குடுத்தாங்க."

அப்பா குந்தி உட்கார்ந்து ஷூ ஒன்றைக் கையில் எடுத்தார். உள்ளே கையை விடப் பார்த்தார். லேஸ் இறுகியிருந்ததால் கை நுழையவில்லை. முடிச்சைக் கட்டை விரலால் தடவினார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இப்படிக் கட்டியிருக்கும் ஷூவை யாராலும் ஒருத்தர் காலிலிருந்து கழற்றியிருக்க முடியாது. வேணு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அப்பா மகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"என் பேச்ச எப்பதான் கேட்டான் அவன்," என்றார்.

"ஆமாம்பா."

அவர் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். இரட்டை முடிச்சு என்பதால் நேரமாயிற்று. இரண்டு ஷூவையும் கொண்டுபோய் வாசலில், தன் ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

கீதாஞ்சலி நோட்டைத் திறந்தாள். இன்றைய இரண்டாவது தப்பையும் எழுதலாமா என்று யோசித்தாள். பிறகு அடுத்த வரியில் எழுதினாள்:

நாளை காலை பால் தெளிக்கப் போகிறார்கள். ஆறு மணிக்குள் பால் வாங்கி வைக்க வேண்டும்.