உட்கார்ந்திருந்தவர்களின் ஆட்டம்

வணிகவியல் துறையின் முன்வரிசைக்காரி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்துவிட்டபோது, சுகிர்தா முதலில் திரும்பிப் பார்த்தது அவளை அல்ல. கம்பிவேலியோரம் நாற்காலியில் அமர்ந்திருந்த கல்லூரி முதல்வரை. அப்படிப் பார்த்ததற்காக மறுகணமே வெட்கப்பட்டு, ஓடிப்போய்க் காலைத் தொட்டுப் பார்த்தாள். சுளுக்குத்தான். இரண்டு நாளில் சரியாகிவிடும், ஆனால் இன்று ஆட முடியாது. ஐவர் இல்லாவிட்டால் பூப்பந்து ஆட்டம் இங்கேயே முடிந்தது. ஆட்டம் முடிந்தால், புதனிலும் வெள்ளியிலும் விளையாட்டுக்கென்று அவள் வாங்கி வைத்திருந்த கடைசிப் பாடவேளையும் முடிந்தது.

சென்ற ஆண்டு கல்லூரியில் நடந்த மருத்துவ முகாமில் மாணவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் பலருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. உடற்கல்வி இயக்குநரான சுகிர்தா அன்றே கிளம்பிவிட்டாள். பதாகை கட்டினாள், பேரணி நடத்தினாள், வெள்ளைத் தொப்பி வாங்கி விநியோகித்தாள். எல்லோரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு புங்கமரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள். களத்தில் இறங்கியது எப்போதும் இறங்குகிற அதே சிலர்தான். உட்கார்ந்திருப்பவர்கள் சோம்பேறிகள் என்றே வெகுநாள் நினைத்திருந்தாள். அவர்களுக்கு இருந்தது பிறர் பார்வையில் ஓட வேண்டியிருப்பதன் கூச்சம் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. துறைகளுக்கிடையே ஒரு போட்டியை அறிவித்து, கல்லூரி அணியில் இருப்பவர்கள் ஆடக்கூடாது என்று ஒரே ஒரு விதியை வைத்தாள். அதன்பின் சுழற்கோப்பைக்காக ஒவ்வொரு துறையும் மரத்தடியில் போய்க் கெஞ்ச வேண்டியதாயிற்று.

முதல்வர் இளையபெருமாள் ஒரு பருவத்துக்கு மட்டும் அனுமதி தந்திருந்தார். "பெத்தவங்க போன் பண்றாங்கம்மா. வெளையாடவா அனுப்புனோம், அந்த நேரத்துல பேங்க் பரீட்சைக்குச் சொல்லிக்குடுங்கன்னு கேக்குறாங்க. அவங்க சொல்றதும் நியாயந்தான? கடைசி ஆட்டத்த வந்து பாக்குறேன், அப்பறம் முடிவு பண்ணுவோம்." அது நியாயமில்லை என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. நிலத்தை நம்பிக் காலந்தள்ள முடியாது என்று பிள்ளைகளை அதிகாலையில் பேருந்தேற்றிவிடுகிறவர்கள் அவர்கள்.

இப்போது அவர் நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார். "கீர்த்திகாவ எறக்குங்களேன். ஆட்டமும் பாக்க நல்லா இருக்கும்."

கல்லூரி அணியின் தலைவி கீர்த்திகா ஏற்கெனவே மட்டையைக் கையில் எடுத்திருந்தாள். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று தன் வணிகவியல் துறைக்காகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"விதி இருக்கு சார்," என்றாள் சுகிர்தா.

"நீங்க போட்டதுதான? கொஞ்சம் தளத்துங்க."

"தளத்துனா மறுபடியும் இவங்க மட்டுந்தான் சார் ஆடுவாங்க."

கீர்த்திகா சுகிர்தாவை ஒரு கணம் முறைத்தாள். பிறகு நேராக மரத்தடிக்கு நடந்தாள்.

"எழிலு, வாடி."

"வயிறு வலிக்குது."

"புதங்கெழமையும் வெள்ளிக்கெழமையும் மட்டும் வலிக்கிற வயிறு ஊரு ஒலகத்துல ஒனக்குத்தான்டி இருக்கு."

மரத்தடி சிரித்தது. எழில்மதி சிரிக்கவில்லை. கோட்டுச்சேரியிலிருந்து வரும் வணிகவியல் மாணவி. முகாமில் எல்லைக்கோட்டில் நின்றவர்களில் ஒருத்தி. அன்று தனியே அழைத்துச் சுகிர்தா எடுத்துச் சொன்னபோது, "எங்கப்பாவுக்குத் தெனம் ஊசி நான்தான் மேடம் போடுறேன். எனக்கு வந்தா வேற ஆளு தேட வேண்டியதில்ல," என்று சொல்லிவிட்டுப் போனவள். அந்தப் பேச்சு சுகிர்தாவைப் பல நாள் உறுத்திக்கொண்டிருந்தது. நோயை அஞ்சாதவளின் பேச்சல்ல அது. நோய் வந்தே தீரும் என்று முடிவுகட்டிவிட்டவளின் பேச்சு.

எழில்மதி எழுந்தாள். தோள்கள் இரண்டிலும் ஊக்கு குத்தியிருந்த துப்பட்டாவைக் கழற்றிக் குறுக்காகப் போட்டு இடுப்பில் இறுக்கி முடிந்தாள். களத்துக்கு வரும் அந்தச் சிறு தூரத்தில் மூன்று முறை தலைகுனிந்தாள்.

"மேடம், யாராச்சும் சிரிச்சா நான் போயிருவேன்."

"சிரிப்பாங்க. நீ போவாத."

முதல் பந்துக்கு அவள் வீசிய வீச்சில் காற்றுதான் அடிபட்டது. வேலியோரம் சிரிப்பு வெடித்தது. எழில்மதி மரத்தடியைப் பார்த்தாள். அவள் விட்டுவந்த இடம் நிழலோடு அப்படியே காலியாக இருந்தது. எழில்மதி உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மட்டையை மாற்றிப் பிடித்தாள். அடுத்த பந்து மட்டையின் விளிம்பில் பட்டுத் தத்தித் தடுமாறி வலைக்கு அப்பால் விழுந்தது. எதிரே நின்ற தமிழ்த்துறைப் பெண்களும் அதே மரத்தடியிலிருந்து வந்தவர்கள்தாம். அந்தப் பந்தை எடுக்க ஓடி இருவர் மோதிக்கொண்டார்கள். இந்த முறை சிரிப்பில் ஏளனம் இல்லை. எழில்மதியே சிரித்தாள்.

கடற்காற்று ஏறும் நேரம். இலேசான கம்பளிப் பந்து அடித்த இடத்துக்குப் போகாமல் தன் இஷ்டத்துக்கு அலைந்தது. புள்ளிகள் சமமாயின. கடைசிப் பந்து வலைக்கு மேலே போவதும் வருவதுமாக நீண்டுகொண்டே போக, கூட்டத்தின் கூச்சல் மெல்ல அடங்கி, மட்டையின் சத்தமும் அவர்களின் மூச்சிரைப்பும் மட்டும் கேட்டன. உயரமாக வந்த ஒரு பந்தைப் பின்னால் நகர்ந்து நகர்ந்து எடுத்த எழில்மதி, முழு உடம்பையும் திருப்பி அடித்தாள். காற்று அதை ஏந்தி வெளியே கொண்டுபோவது போலக் காட்டி, கோட்டுக்கு உள்ளே போட்டது.

கீர்த்திகா போட்ட கூச்சலில் மரத்துக் காகங்கள் எழும்பின. எழில்மதி முழங்காலில் கைகளை ஊன்றி மூச்சு வாங்கினாள். முகம் செக்கச் சிவந்து வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. "இன்னொரு செட்டு ஆடலாமாடி?" என்று எதிரணியைக் கேட்டாள்.

இளையபெருமாள் எப்போது எழுந்து வேலியருகே வந்தார் என்பதைச் சுகிர்தா கவனித்திருக்கவில்லை. "பேங்க் கோச்சிங் கிளாஸ ஒரு நாள் காலையில வச்சிக்கலாம்," என்றார், யாரிடமோ சொல்வது போல. "புதங்கெழமைய வச்சிக்குங்க."

"வெள்ளி சார்?"

அவர் களத்தின் பக்கம் திரும்பிவிட்டிருந்தார். பதில் சொல்லியிருந்தாலும் இரைச்சலில் கேட்டிருக்காது. மரத்தடியிலிருந்தும் வேலியோரத்திலிருந்தும் பெண்கள் திமுதிமுவென்று களத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மட்டை கிடைக்காதவர்கள் வெறுங்கையோடு. ஒரு பக்கத்துக்கு ஐவர் என்ற கணக்கு எப்போதோ தொலைந்திருந்தது. யாரோ ஒருத்தி பந்தை ஓங்கி மேலே அடிக்க, அந்த மஞ்சள் உருண்டை கடற்காற்றில் ஏறி, விழ மனமில்லாமல் வலைக்கு மேலே மிதந்தது. கீழே இரண்டு பக்கமும், அண்ணாந்த முகங்களும் உயர்ந்த கைகளும்.