ஆளுக்கொரு விடுதி

பஸ் புறப்பட்டதிலிருந்தே கண்டக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக நின்றுகொண்டே பயணம் போன மனிதர், இன்றைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டி எட்டிப் பின்வாசலைப் பார்த்தார். ஓர் அம்மாள் ஏறி முடிப்பதற்குள் பஸ் நகரப் பார்த்தபோது, "ஓல்டான்!" என்று இவர் போட்ட சத்தத்தில் டிரைவர் நிஜமாகவே பிரேக்கை மிதித்துவிட்டார். அந்த பஸ்ஸின் உண்மையான கண்டக்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இருவருக்குமே இது இரண்டாவது கல்யாணம். அவள் கணவனை இழந்தவள், அவர் மனைவியை இழந்தவர். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். மலை மலையாக வந்து விழும் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடித்து அடுக்குவதுதான் வேலை. தினமும் சாயங்காலம் அவர் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்குவாள். அவளுக்கு அவர் வைத்த பெயரே 'கடைசி ஸ்டாப்' என்பதுதான். "நீங்க இறங்கிட்டா பஸ் ரொம்பக் காலியாத் தெரியுது" என்று ஒருநாள் அவர் சொன்னார். தான்தானே கடைசி ஆள், பின்னே காலியாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் சொன்னது அது இல்லை என்று உறைக்க ஒரு வாரம் ஆயிற்று.

பிள்ளைகள் தடை சொல்லவில்லை. ஆனால் குதூகலிக்கவும் இல்லை. அவள் மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், அவர் மகன் எலக்ட்ரீஷியன். இருவருக்கும் இன்னும் கல்யாணமாகவில்லை. பதிவு அலுவலகத்தில் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மகளுக்குக் கண்டக்டர் 'அவங்க'. மகன் இவளை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. ஏதாவது கேட்க வேண்டுமானால் முதலில் தொண்டையைச் செருமுவான். அந்தச் செருமல்தான் அவளுக்குப் பெயர்.

அப்படியிருக்கையில்தான் போன வாரம் மகள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, கடற்கரை ஊர் ஒன்றில் அவர்கள் இருவரும் தங்குவதற்கு அறை எடுத்திருப்பதாகச் சொன்னாள். இறங்குகிற வரை அவரிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அறை கிடக்கட்டும், மகள் மனசு இறங்கி வந்ததே. அன்று ராத்திரியே அவள் கணவரிடம், "கடற்கரைக்குப் போலாமா? தங்குற இடத்தை நான் பாத்துக்கிறேன்" என்றாள். அவர் முகமெல்லாம் பூரித்துப்போய், அதே ஊர் பெயரைச் சொல்லி, "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன், நீ சும்மா வா" என்றார். ஆண்பிள்ளை வீம்புக்குச் சொல்கிறார் என்று அவள் விட்டுவிட்டாள்.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் குட்டு வெளிப்பட்டது. அவள் ஆட்டோக்காரரிடம் பெரிய ஓட்டலின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நான்கடி தள்ளி இன்னொரு ஆட்டோக்காரரிடம் கலங்கரை விளக்கத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு ஆட்டோக்காரர்களும் இவர்களைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தப் பக்கம் எதுக்குப் போறீங்க?" என்றாள் அவள்.

"நம்ம ரூம் அங்கதானே இருக்கு."

"நம்ம ரூம் இங்க இருக்கு."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசியதில் எல்லாம் வெளியே வந்தது. அவருடைய மகனும் அதே வாரம் அதே மாதிரி அவரைத் தனியே கூப்பிட்டு, அதே மாதிரி சத்தியம் வாங்கிக்கொண்டு, கடற்கரையின் மறு கோடியில் ஒரு மரவீடு எடுத்திருக்கிறான். அதே ஊர், அதே நாட்கள். பேசிக்கொள்ளாத இரண்டு பிள்ளைகளும் யோசித்ததென்னவோ ஒரே யோசனை.

அந்த பெஞ்சில்தான் அவர்களுடைய முதல் சண்டை நடந்தது. சண்டையே விசித்திரமான சண்டை. மகன் எடுத்த வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று அவள் நின்றாள். தொண்டையைச் செருமுகிற பையன் இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கும்போது, வேண்டாம் என்றால் அவன் மனசு என்ன பாடுபடும் என்பது அவள் வாதம். மகள் எடுத்த ஓட்டலுக்குத்தான் போக வேண்டும் என்று அவர் நின்றார். அந்தப் பெண் இவரை நிமிர்ந்து பார்ப்பதே அபூர்வம், இப்போது போய் அவள் பரிசைத் தட்டினால் ஜென்மத்துக்கும் நிமிர மாட்டாள் என்றார். இருவரும் விட்டுக்கொடுப்பதில் விடாப்பிடியாக இருந்தார்கள். டீ ஆறிப்போயிற்று.

கடைசியில், இரண்டையும் பார்த்துவிடுவோம், ஆளுக்கொரு பையை ஆளுக்கொரு இடத்தில் வைப்போம், இரண்டிலும் படம் பிடித்து அனுப்புவோம், ஒரு ராத்திரி இங்கே ஒரு ராத்திரி அங்கே என்று படுத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று முடிவாயிற்று. திட்டம் போட்டது அவள். பொய் சொல்லத் தனக்கு வராது என்று அவர் முன்னாடியே சொல்லிவிட்டார்.

ஓட்டலில் அவர்களுக்கு ஏழாவது மாடி. கதவைத் திறந்ததும் அவள் கண் நேரே கட்டிலுக்குத்தான் போயிற்று. வெள்ளை விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லை. மூலைகளை உறை மாதிரி மடித்து மெத்தைக்கு அடியில் செருகியிருந்தார்கள். அவள் குனிந்து விரலால் ஒரு மூலையைத் தடவினாள்.

"யாரோ நல்லா மடிச்சிருக்காங்க" என்றாள்.

"கடலைப் பாரும்மா" என்றார் அவர், ஜன்னலோரம் நின்று.

கடலும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் ஜன்னலில் சாய்ந்து படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார்கள். உடனே பதிலுக்கு ஒரு வரிசை இதயங்கள் வந்தன.

அங்கிருந்து கலங்கரை விளக்கத்துக்குச் சாலை வழியாகப் போனால் ஊரையே சுற்ற வேண்டும். கரையோரமாக நடந்தால் அரை மணியில் போய்விடலாம் என்றார்கள். நடந்தார்கள். வழியில் ஓர் ஓடை வந்து கடலில் கலந்தது. கணுக்கால் அளவுதான் தண்ணீர். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதைத் தாண்டினாள்.

மரவீடு சின்னது. ஒரே அறை, அதில் ஏணி வைத்து ஏறுகிற மாடிக்கட்டில் ஒன்று, பெரிய கட்டில் ஒன்று, வாசலில் நான்கு படி, படிக்குக் கீழே மணல். வீட்டுக்காரி, குரல் பெரிதான ஒரு நடுவயதுக்காரி, சாவியைக் கொடுத்து, கல்யாணமாகி எவ்வளவு காலம் என்று விசாரித்தாள். ஒரு மாதம் என்றதும் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இரண்டு தலையணை அதிகமாகக் கொண்டுவந்து போட்டாள். படியில் உட்கார்ந்து இன்னொரு படம் பிடித்து மகனுக்கு அனுப்பினார்கள். அவன் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய கடிதம் மாதிரி என்றார் அவர்.

நடந்து களைத்துப் போனதால் அன்றைக்கு மரவீட்டிலேயே படுத்துவிட்டார்கள். கட்டில், திரும்பினால் முனகியது, திரும்பாவிட்டாலும் முனகியது. விடிகிற நேரத்தில் படகுகள் ஒவ்வொன்றாக எஞ்சினை முடுக்கின. கண்டக்டர் தூக்கத்திலேயே எழுந்து உட்கார்ந்து, டிப்போவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு விசிலைத் தேடினார். அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

காலையில் ஓட்டலுக்குப் புறப்பட்டார்கள். அறையில் ஆள் இருந்த அடையாளம் வேண்டுமே, கட்டிலையாவது கலைத்துவிட்டு வருவோம் என்று அவள் சொன்னாள். சொல்லும்போதே அந்தக் கட்டிலைக் கலைப்பதை நினைத்து மனசு கேட்கவில்லை. மாற்றுத்துணிப் பையை அவர் தலையில் வைத்துக்கொண்டார். இரண்டு போன்களும் அதில்தான் இருந்தன.

ஓடைக்கு வந்தால், நேற்றைய ஓடை அது இல்லை. கடல் ஏறியிருந்தது. அவள் தயங்கினாள். பிறந்ததிலிருந்து கணுக்காலுக்கு மேல் கடல் தண்ணீரில் அவள் இறங்கியதில்லை. அவர் கையை நீட்டினார். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்று கண்டக்டர் குரலில் அவர் சொல்லவும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டாள். முழங்கால் வரை வந்தது, இடுப்பு வரை வந்தது. நடு ஓடையில் ஓர் அலை வந்து முதுகில் அறைந்து அவளைத் தூக்கிப் போட்டது. முழுக்க முங்கி எழுந்தாள். வாயெல்லாம் உப்பு, தலையெல்லாம் மணல். அழப்போகிறாளோ என்று அவர் பயந்துவிட்டார். அவளோ அடுத்த அலை எப்போது வரும் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கரை போகாமல் அங்கேயே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று இருவருக்கும் தெரியாது. அலை வரும்போதெல்லாம் அவள் குதித்தாள். அவர் ஒரு கையால் அவளையும் மறு கையால் தலைமேல் பையையும் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் பைக்குள் போன் அடித்தது. அவர் எட்டி எடுத்து அவள் காதில் வைத்தார். மகள்.

"அம்மா, எங்க இருக்கீங்க?"

அவளுக்குப் பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "தண்ணிக்குள்ள" என்றாள்.

மகள் கொட்டித் தீர்த்தாள். அறைக்கு கேக் அனுப்பலாம் என்று ஓட்டலுக்குப் போன் செய்திருக்கிறாள். ராத்திரி அங்கே யாருமே படுக்கவில்லை, கட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா போனை எடுக்கவில்லை. யாரைக் கேட்பது என்று தெரியாமல், கையெழுத்துப் போட்ட அன்று அம்மா கொடுத்து வைத்த நம்பரைத் தேடி அவர் மகனைக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் பதறிப்போய் மரவீட்டுக்காரியைக் கூப்பிட, காலையிலேயே தலையில் பையோடு கரையோரமாகப் போனார்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அதற்கப்புறம் இருவருமாகச் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததில் விஷயம் விளங்கிவிட்டது.

"ஒரு வார்த்தை சொன்னா என்னம்மா? நானும் அண்ணனும் எப்படிப் பயந்துட்டோம் தெரியுமா?"

அவள் போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நீயும் யாரும்?" என்றாள்.

"அண்ணன்தான். இந்தா, லைன்லதான் இருக்கு."

தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. அதன்பின், "சின்னம்மா, முதல்ல ரெண்டு பேரும் கரைக்கு ஏறுங்க" என்றான் அவன்.

சின்னம்மா கரைக்கு ஏறவில்லை. ஓடைக்கு நடுவிலேயே நின்றுகொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கும் கேட்டிருந்தது. கடல் தண்ணீர் கண்ணில் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேற்கொண்டு பேச்செல்லாம் பிள்ளைகள் பேச்சுதான். இரண்டு இடத்தில் ஒன்று காலியாகத்தானே கிடக்கிறது, சனி ஞாயிறு லீவு, நாங்களும் வருகிறோம் என்றார்கள். நீங்கள் எதில் இருக்கப்போகிறீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். மகள் மரவீட்டைச் சொன்னாள், மகன் ஓட்டலைச் சொன்னான். விட்டுக்கொடுக்கிற வியாதி அவர்களுக்கும் தொற்றியிருந்தது. கண்டக்டர் எதுவானாலும் சரி என்றார். எல்லோரும் அவள் வார்த்தைக்குக் காத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலும் சரி, வீட்டிலும் சரி, உனக்கு எது வேண்டும் என்று கேட்டால் 'எதுவானாலும் பரவாயில்லை' என்றே சொல்லிப் பழகியவள் அவள். இந்தத் தடவையும் நாக்கு நுனி வரை அதுதான் வந்தது. சொட்டச் சொட்ட நின்றுகொண்டு அதை விழுங்கிவிட்டாள்.

"எனக்கு ஏழாவது மாடிதான் வேணும்" என்றாள். "என் பொண்ணு எடுத்ததுங்கிறதுக்காக இல்ல. யாரோ விரிச்ச விரிப்புல நான் போய்ப் படுக்கணும். காலையில எழுந்து அதை மடிக்காம அப்படியே போட்டுட்டு வரணும். தம்பி, நீ தப்பா நினைச்சுக்காதப்பா."

அவன் தப்பாக நினைக்கவில்லை. அவன் சிரிப்புச் சத்தம் ஓடைக்கு மேலே கேட்டது. கண்டக்டர் அவள் காதருகே குனிந்து, அந்தக் கட்டில் முனகிய முனகலில் தன் இடுப்பே கழன்றுவிட்டது, உன் முகத்துக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்றார்.

சாயங்காலம் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் அவள் விரிப்புக்குள் புகுந்து பகலெல்லாம் தூங்கி எழுந்து, கட்டிலை அலங்கோலமாகப் போட்டுவிட்டு, அதை இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கடல் உள்வாங்கியிருந்தது. ஓடையைத் தாண்டி அவர்கள் மரவீட்டுக்குப் போனபோது வாசல் வரை சத்தம் கேட்டது. மாடிக்கட்டில் யாருக்கு என்று தகராறு. வயசில் மூத்தவன் தான் என்றான் மகன். முதலில் பையைப் போட்டது தான் என்றாள் மகள். ஏணியில் பாதி ஏறி நின்றவனின் காலைப் பிடித்து மகள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய் விலக்கிவிடலாமா என்று கண்டக்டர் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, அவருக்கும் இடம் விட்டாள். உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து தலையை நீட்டிய வீட்டுக்காரி, உள்ளே யார் என்று விசாரித்தாள்.

"எங்க பிள்ளைங்க" என்றாள் அவள்.