மாப்பிள்ளை பெயர்: பிறகு சொல்லப்படும்

ஆரணியில் ஒரு முகூர்த்த நாளில் நாலு கல்யாணம் நடந்தால் அதில் ஒன்றிலாவது கிரணின் கைவேலை இருக்கும். பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் புடவை முந்தியில் ஜரிகையிலேயே நெய்து தருவதுதான் அவர்கள் கடையின் விசேஷம். கம்ப்யூட்டரில் கிரண் டிசைன் போடுவான். அதை ஓட்டை குத்திய அட்டைகளாக அடித்துக் கோத்துத் தறிக்கு அனுப்புவான். அட்டை நகர நகர, பட்டில் பெயர் எழும்பி வரும். இப்படி முந்நூறு ஜோடிகளைச் சேர்த்து வைத்த புண்ணியவானுக்கு வயது முப்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. பெண் கிடைக்கவில்லை என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். பெண் ஆறு வருஷமாகக் கிடைத்த இடத்திலேயே நிற்கிறாள். இவன்தான் நழுவிக்கொண்டே இருந்தான்.

அவள் பெயர் சுகன்யா. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எங்கள் தெருவில் யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்கும் கிரணுக்கும் என்ன என்பது தெருவுக்குத் தெரியும். தெரியாதவர் தன் அப்பா மாணிக்கவேல் ஒருவர்தான் என்று கிரண் நம்பிக்கொண்டிருந்தான். அந்த நம்பிக்கையை நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று தெருவும் பெருந்தன்மையாக இருந்துவிட்டது.

கிரணுக்கு எதிலும் மாட்டிக்கொள்ளப் பிடிக்காது. ஓட்டலில் மசால் தோசை சொல்லுவான். சர்வர் நாலடி போனதும் கூப்பிட்டு ஊத்தப்பம் என்பான். கடைசியில் எது வந்தாலும் பக்கத்து மேஜையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். கல்யாணப் பேச்சு எடுத்தால் மட்டும் கடையின் கீழ் அடுக்கைக் கை காட்டுவான். அங்கே மூன்று புடவைகள் கிடந்தன. மூன்றும் நிச்சயம் முறிந்துபோனவர்களுடையவை. மேலே இருந்ததில் ‘லாவண்யா – தணிகாசலம்’ என்று ஜரிகை மின்னும். லாவண்யா இப்போது வேறு ஒருவரோடு ஓசூரில் சௌக்கியமாக இருக்கிறாள். புடவை மட்டும் இங்கே தணிகாசலத்தோடு குடித்தனம் நடத்துகிறது. பெயர் போட்ட புடவையை வேறு யார் வாங்குவார்கள்?

“பட்டுல நெய்ஞ்சத அழிக்கறதுக்கு ரப்பர் கெடையாது” என்பான் கிரண். அவனுடைய வேதாந்தம் மொத்தமும் இவ்வளவுதான்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை சுகன்யா கடைக்குள் வந்தாள். கல்லாவில் மாணிக்கவேல் உட்கார்ந்திருந்ததால் பேச்சில் மரியாதை வழிந்தது.

“ஒரு முகூர்த்தப் புடவை நெய்யணுங்க. அரக்குக் கலர். முந்தியில பேரு வரணும்.”

கிரண் ஆர்டர் நோட்டைத் திறந்தான். பேனா மூடியைக் கழற்றினான். “பொண்ணு பேரு?”

“சுகன்யா.”

“மாப்பிள்ளை பேரு?”

“அத அப்புறம் சொல்றேங்க. முந்தி கடைசியிலதானே நெய்வாங்க? அதுக்குள்ள சொன்னா போதும் இல்லீங்களா?”

மாணிக்கவேல் பேப்பரிலிருந்து தலை தூக்காமல் சொன்னார். “தாராளமா போதும்மா. எழுதிக்கடா, மாப்பிள்ளை பெயர் பிறகு சொல்லப்படும்னு.”

கிரண் எழுதினான். பிறகு, அவள் வண்டியை எடுத்துவிடப் போகிறேன் என்று அப்பாவிடம் சாக்குச் சொல்லி வெளியே ஓடினான்.

“இன்னா சுகன்யா விளையாட்டு இது?”

“விளையாட்டா? படவேட்டுலருந்து ஒரு ஜாதகம் வந்துகீது. அஜித்குமாராம். நல்ல மாதிரியாம். எங்க அம்மா டெய்லி என்னப் பேஜார் பண்ணிகினு இருக்குது. புடவ முடியட்டும், பதில் சொல்றேன்னுட்டேன்.” அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். “அட்டை அடிக்கிறது நீதான். முந்தியில உன் பேரு வந்தா உன்ன. வரலனா அவருக்குச் சரின்னு சொல்லிடுவேன். ஆறு வருஷம் போதும் கிரண்.”

“இப்பிடித் திடீர்னு கேட்டா எப்பிடி…”

“ஆறு வருஷம் உனக்குத் திடீரா? இன்னொண்ணு. அஜித்குமார்னா அட்டை நெறைய ஆவும். யோசிச்சிக்க.”

வண்டி போய்விட்டது.

புடவை, கடைக்கு நெய்துகொடுக்கும் தேவகி அக்காவின் தறியில் ஏறியது. ஒரு நாளைக்கு ஒரு முழம், பன்னிரண்டாம் முழத்தில் முந்தி. அன்றிலிருந்து கிரண் தினமும் காலையில் டீ குடிக்கிறானோ இல்லையோ, தேவகி அக்கா வீட்டு வாசலில் ஆஜர். முதல் நாள் ஒரு முழம் ஆகியிருந்தது. இரண்டாம் நாள் இரண்டு. இந்தக் கணக்கு இவனைத் தவிர எல்லோருக்கும் இயற்கையாகத்தான் பட்டது.

நான்காம் நாள் புடவை உடலுக்குப் புது அட்டைகளோடு வந்தான். பூக்களைக் கொஞ்சம் நெருக்கமாகப் போட்டிருக்கிறேன், அழகாக இருக்கும் என்றான். பூ கூடினால் தறி மெதுவாகும் என்பது அவனுக்கும் தெரியும், தேவகி அக்காவுக்கும் தெரியும்.

“இன்னா தம்பி, மொதல்ல அங்கொண்ணு இங்கொண்ணு இருந்துச்சு. இப்ப தோட்டமே போட்டு வெச்சிகிற?”

“பார்ட்டி கேட்டாங்கக்கா.”

“எந்தப் பார்ட்டி? நேத்து எனக்கு ரத்தம் எடுத்துச்சே, அந்தப் பார்ட்டியா? ‘ஜல்தியா முடிங்கக்கா’ன்னு இல்ல சொல்லிச்சு!”

ஆடி அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்று ஊரே முன்னோர்களை நினைத்தது. கிரண் மட்டும் ஒரு நாள் மிச்சமானதை நினைத்துக் கேசரி சாப்பிட்டான். மறுநாள் மழை வந்தால் பாவு நூல் நமுத்துப்போய்த் தறி நிற்கும் என்று வானத்தைப் பார்த்தான். வெயில் கொளுத்தியது. கடைசியில் பெரணமல்லூரில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறிப் போனான். அந்த வாடிக்கையாளருக்கு இவன் ஏன் வந்தான் என்று இன்றுவரை புரியவில்லை.

திரும்பி வந்தபோது தேவகி அக்கா காத்திருந்தாள். “முந்திக்கு ஒரு முழந்தான் பாக்கி. அட்டையக் குடு தம்பி. யார் பேர்னாலும் எனக்கு ஒண்ணுதான். ஆனா பேரு எடத்த காலியா வுட்டு நெய்ய மாட்டேன். மூளிப் புடவை என் தறியிலருந்து எறங்காது.”

அன்று மத்தியானம் கிரண் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். எப்படித்தான் இருக்கும் பார்ப்போமே என்று முதலில் மற்றவர் பெயரை அடித்தான். ‘சுகன்யா – அஜித்குமார்’.

பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அதுதான் வம்பு. இந்தப் புடவை கீழ் அடுக்குக்கு வரவே வராது. சமர்த்தாக மணமேடைக்குப் போகும், போட்டோவில் சிரிக்கும், தலை தீபாவளிக்குப் படவேட்டிலிருந்து பஸ் ஏறி வரும். கிரணோ இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து அப்பளம் கேட்டுக்கொண்டிருப்பான். அழியாத பெயர் என்றால் என்ன என்று அவனுக்கு அப்போதுதான் உண்மையிலேயே உறைத்தது.

அழித்தான். ‘கிரண்’ என்று அடித்தான். சர்வரை மறுபடி கூப்பிடத் தோன்றுவதற்குள் அட்டைகளை அடித்துக் கோத்து, செருப்புகூடப் போடாமல் ஓடித் தேவகி அக்கா கையில் கொடுத்தான். அவள் யார் பெயர் என்று அவன் முகத்திலேயே படித்துவிட்டு, சிரித்துக்கொண்டே அட்டைகளை வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் புடவை தறியிலிருந்து இறங்கியது. தேவகி அக்கா சுகன்யாவையும் வரச் சொல்லியிருந்தாள். முந்தியை விரித்தாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள். எழுத்துகள் வலமிருந்து இடமாக, திருப்பிப் போட்ட சட்டை மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.

தறியில் புடவையின் நல்ல பக்கம் கீழே பார்த்திருக்கும். அதனால் டிசைனில் எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். நெய்கிறவர் கண்ணுக்கு அது திருப்பித்தான் தெரிய வேண்டும். முந்நூறு ஜோடிக்கு மறக்காமல் திருப்பியவன், தன் பெயருக்கு மறந்துவிட்டான்.

“எனக்கு நேராத்தான் தெரிஞ்சுது” என்று தேவகி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “நேரா தெரிஞ்சப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். இருந்த குஷியில தோணவே இல்ல. ஒண்ணும் கவலப்படாத தம்பி. வேற புடவ ஏத்திடறேன். பதினஞ்சு நாள்ல புத்தம் புதுசா எறக்கிடலாம்.”

பதினைந்து நாள்! நாளைத் தள்ளிப்போட அவன் கேட்டது எந்தச் சாமியிடமோ, அது கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டது. சுகன்யா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதினஞ்சு நாளா?” என்று கிரண் அலறினான். “ஆவணி மொத முகூர்த்தம் போயிடுமேக்கா!”

சொல்லி முடித்துவிட்டு, யார் சொன்னது என்பதுபோல் அவனே பின்னால் திரும்பிப் பார்த்தான்.

சுகன்யா முந்தியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்றாள். கண்ணாடியில் இரண்டு பெயரும் ஒழுங்காக, நேராக நின்றன.

“இங்க சரியாத்தான் இருக்குது. இதையே கட்டிக்கிறேன்.”

“பாக்கறவங்களுக்குத் தலையும் வாலும் புரியாதே சுகன்யா.”

“தெருவுல இருக்கறவங்க கஷ்டப்பட்டுப் படிக்கட்டும். வேற இன்னா வேல அவங்களுக்கு?”

இது தேவையில்லாத பேச்சு. ஆனாலும் கல்யாணப் பெண், விட்டுவிடுவோம்.

அன்று சாயங்காலமே கற்பகம், அதாவது சுகன்யாவின் அம்மா, படவேட்டுக்கு மரியாதையாகப் பதில் சொல்லி அனுப்பினாள். கிரண் கடைக்குப் போய் ஆர்டர் நோட்டைப் புரட்டினான். ஆடி மாதத்துத் திங்கட்கிழமைப் பக்கம். ‘மாப்பிள்ளை பெயர்: பிறகு சொல்லப்படும்’ என்ற அவன் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே, மாணிக்கவேலின் சாய்ந்த எழுத்தில் ‘கிரண்’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. பென்சிலில்.

“எப்ப எழுதினீங்க நைனா?”

“நீ வண்டி எடுத்து வுடப் போனியே, அப்ப.”

“அப்புறம் ஏன் பென்சில்ல?”

மாணிக்கவேல் பேப்பரைப் புரட்டினார். “உன்ன எனக்குத் தெரியாதாடா?”

கிரண் பேனாவை எடுத்து, அப்பாவின் எழுத்தின் மேலேயே அழுத்தி எழுதினான்.